ஒரு சாம்பல் கட்டத்தை அழித்தேன்

போன வாரம் ஒரு பெண் என் வீட்டு கேட்டைத் தட்டவில்லை. பிடித்து உலுக்கினார்.

சாயங்காலம். டீ போட்டுக்கொண்டிருந்தேன். தாழ்ப்பாள் கழன்று விழுகிற மாதிரி சத்தம். அடுப்பை அணைத்துவிட்டு ஓடிப் போய்ப் பார்த்தால் — காஞ்சனா. எங்கள் ஊர் மேல் தெருவில் இருப்பவர். முப்பது வயதிருக்கும். விசேஷத்துக்கென்று எடுத்து வைத்திருக்கும் நல்ல புடவை கட்டியிருந்தார். அதில் முழங்கால் வரை சேறு. செருப்பு இரண்டும் கையில்.

"சார், நான் எப்போ சார் வண்டி வேணாம்னு சொன்னேன்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"குமரேசன் அண்ணன் வண்டிய நிறுத்தாமலே போய்ட்டாரு. திரும்பி வரும்போது பாத்துக் கேட்டா, நீதான் வேணாம்னு போட்டுட்டியேம்மா, வேணும்னா காலேஜ் சாரைப் போய்க் கேளுன்னு சொல்றாரு. சொல்லுங்க சார்... நான் எப்போ வேணாம்னு சொன்னேன்?"

காலேஜ் சார் நான்தான். கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். காவலூருக்குப் பக்கத்தில் இந்தச் சின்ன ஊரில் வந்து உட்கார்ந்து சில வருடங்கள் ஆகின்றன. வெப்சைட் எழுதக் கற்றுக்கொண்டதைப் பற்றி, இந்தப் பத்திரிகையில் வாராவாரம் எழுதும் இதே பத்தியில் நான் பெருமையடித்துக்கொண்டது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். இல்லையென்றால் நல்லது. மறந்தே இருங்கள்.

போனை எடுத்து, ஜீப்புக்குப் பதிவு செய்ய நான் எழுதிக் கொடுத்திருந்த வெப் பக்கத்தைப் பார்த்தேன். காஞ்சனா பெயருக்கு எதிரே சிவப்பில் 'ரத்து' என்றிருந்தது.

"இதோ பாரும்மா. முதல்ல வேணும்னு தொட்டிருக்கே. அப்புறம் நீயே வேண்டாம்னும் தொட்டிருக்கே."

"நான் வேணும்னு மட்டுந்தான் சார் அமுக்கினேன்."

"கை தவறிப் பட்டிருக்கும்."

"அய்யோ, இல்ல சார்..."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா."

இதைச் சொல்லும்போது என் குரல் எப்படி இருந்தது தெரியுமா? பரீட்சையில் தப்பாக எழுதிவிட்டு மார்க் கேட்டு வரும் மாணவனிடம் பேசுகிற குரல். நிதானமாக, பொறுமையாக, மேலேயிருந்து கீழே. பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் வேலி ஓரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

காஞ்சனா தன் வலது கைக் கட்டை விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் போய்விட்டார்.

அன்றைக்கு என்ன நாள் என்பது ஊருக்கே தெரியும். திருப்பத்தூரில் சத்துணவு சமையலர் வேலைக்கு நேர்காணல். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே ஒரு சமையலர் வேண்டும். அது கிடைத்தால் காஞ்சனாவும் அவர் கணவர் முருகனும் வருடா வருடம் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கூர்க் பக்கம் காப்பித் தோட்டத்துக்குப் போக வேண்டியதில்லை. பெரியவள் ஆறாவது படிக்கிறாள். பாதி வருடம் இங்கே, பாதி வருடம் அங்கே என்று அந்தப் பெண் இதுவரை ஒரு புத்தகத்தையும் கடைசிப் பாடம் வரை படித்ததில்லை.

வண்டி வராததால் காஞ்சனா மழையில் காட்டுப் பாதையில் இறங்கி, மெயின் ரோட்டில் ஒரு பால் வண்டியைக் கையைக் காட்டி நிறுத்தி, ஆலங்காயம் போய், பஸ் பிடித்து, திருப்பத்தூர் போய்ச் சேர்ந்திருக்கிறார். அங்கே நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்களாம்.

நான் என்ன செய்தேன்? திரும்பி உள்ளே போய் டீயைச் சூடு பண்ணிக் குடித்தேன்.

சரி, அந்த வண்டிப் பக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். சொல்லாவிட்டால் புரியாது.

குமரேசன் கீழ் ஊர்க்காரர். ஒரு ஜீப் வைத்திருக்கிறார். எங்கள் ஊரிலிருந்து ஆலங்காயம் போக வேண்டுமென்றால் அவர் வண்டிதான். முன்பெல்லாம் ஆள் இருக்கிறதோ இல்லையோ, மேலே ஏறி வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போவார். டீசல் வீணாகிறது என்று ஒரு நாள் வருவார், ஒரு நாள் வரமாட்டார். போன் பண்ணிச் சொல்லலாமென்றால் எங்கள் ஊரில் சிக்னல் கிடையாது. ஊருக்கு மேலே காட்டிலாகாக்காரர்கள் விலங்குகளுக்காகக் கட்டிய தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. அந்தத் தொட்டி மேட்டில் நின்றால் கொஞ்சம் சிக்னல் கிடைக்கும். பேசினால் பாதியில் அறுந்துவிடும். ஆனால் ஒரு சின்ன வெப் பக்கம் தட்டுத் தடுமாறித் திறக்கும்.

அதனால் நான் ஒரு பக்கம் எழுதினேன். திறந்தால் ஜீப் படம் ஒன்று பெரிதாக வரும். அந்தப் படமே லிங்க். ஒரு முறை தொட்டால் நாளைக்கு வண்டி வேண்டும் என்று, அந்தப் போன்காரர் பெயரோடு குமரேசனுக்குப் போய்விடும். மறுபடி தொட்டால் வேண்டாம் என்று போகும். விளக்கு ஸ்விட்ச் மாதிரி. தொட்ட பிறகு 'பதிவாகிவிட்டது, நன்றி' என்று ஒரு வரி வரும். வேண்டும் என்றாலும் அதே வரி. வேண்டாம் என்றாலும் அதே வரி. இரண்டு பக்கம் எழுதச் சோம்பல்... இல்லை, 'எளிமை' என்று அப்போது அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

பல மாதம் நன்றாகத்தான் ஓடியது. ஊரில் எல்லோரும் பழகிவிட்டார்கள்.

பிறகு அழகு பார்க்க ஆரம்பித்தேன்.

நீங்கள் மொபைலில் ஒரு லிங்கைத் தொட்டால், தொட்ட இடத்தின் மேல் ஒரு கணம் சாம்பல் நிறம் படர்ந்து மறையும். சில போன்களில் வெளிர் நீலம். கவனித்திருக்கிறீர்களா? பக்கத்தை எழுதியவர் வைத்த நிறம் அல்ல அது. பிரவுசர் தானாகவே போடுவது. சின்ன எழுத்து லிங்க் என்றால் கண்ணை உறுத்தாது. என் பக்கத்தில் படமே லிங்க் அல்லவா? தொட்டதும் ஜீப் படம் முழுவதும் அழுக்குத் துணி போர்த்திய மாதிரி ஒரு சாம்பல் கட்டம் விழும்.

பெங்களூரில் இருக்கும் என் மகன் வீடியோ காலில் சொன்னான்: "பக்கம் நல்லா இருக்குப்பா. ஆனா தொடும்போது அந்தக் கட்டம் வருது பாரு... கண்றாவியா இருக்கு."

அவ்வளவுதான். எனக்குத் தூக்கம் போய்விட்டது. தேடினேன். சி.எஸ்.எஸ். என்பது பக்கத்தின் உடை அலங்காரத்தைச் சொல்லும் மொழி. அதில் இதற்கென்றே ஒரு வரி இருக்கிறது — வெப்கிட் டேப் ஹைலைட் கலர். தொடும்போது படரும் நிறம் என்ன என்று அதில் சொல்லலாம். சிவப்பு என்றால் சிவப்பு, பச்சை என்றால் பச்சை. டிரான்ஸ்பரன்ட் என்று எழுதினால்? நிறமே இல்லை. ஒன்றும் தெரியாது.

டிரான்ஸ்பரன்ட் என்று எழுதினேன். ஒரு அரைப்புள்ளி வைத்தேன். சேமித்தேன்.

தொட்டுப் பார்த்தேன். ஆஹா! கட்டமும் இல்லை, கறையும் இல்லை. தொட்ட மறுநொடி 'நன்றி' வந்து நின்றது. வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. மகனுக்குக் காட்டினேன். "சூப்பர்ப்பா" என்றான். எனக்கு வீட்டில் கேபிள் வழியாக வரும் வேகமான இன்டர்நெட். அவனுக்கு பெங்களூர் இன்டர்நெட். எங்கள் இரண்டு பேருக்கும் சூப்பர்தான்.

தொட்டி மேட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டுமென்று எனக்குத் தோன்றவே இல்லை. ஏன் தோன்றவில்லை?

காஞ்சனா வந்து போன மறுநாளிலிருந்து ஊரில் ஒரே பேச்சு அதுதான். கேட்டவர்களுக்கெல்லாம் நான் அதையே சொன்னேன். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது. மளிகைக் கடையில் சொன்னேன். பால் ஊற்ற வந்தவரிடம் சொன்னேன். யாரும் கேட்காதபோதும் ஒரு முறை சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அந்த வாரம் மழை விடவே இல்லை. சாலையோரத்து மரம் ஒன்று சாய்ந்து எங்கள் கேபிளை அறுத்துக்கொண்டு விழுந்தது. வீட்டில் இன்டர்நெட் போய்விட்டது. எனக்கோ பத்திரிகைக்கு இந்தப் பத்தியை அனுப்பியாக வேண்டும் — அப்போது எழுதி வைத்திருந்தது வேறு விஷயம், அதை விடுங்கள். குடையை எடுத்துக்கொண்டு, முழங்காலைத் திட்டிக்கொண்டு, தொட்டி மேட்டுக்கு ஏறினேன். வெப் பக்கம் எழுதிய பிறகு நான் அங்கே ஏறியது அதுதான் முதல் முறை.

அங்கே முனியம்மா நின்றுகொண்டிருந்தார். காஞ்சனா வீட்டுக்கு எதிர்வீடு. தொட்டி விளிம்பில் ஒரு காலை வைத்துக்கொண்டு போனை அமுக்குகிறார். முந்தானையால் திரையைத் துடைக்கிறார். மறுபடி அமுக்குகிறார். மறுபடி துடைக்கிறார்.

"என்னம்மா, எத்தனை தடவை அமுக்குவீங்க?"

"நெழல் உழ மாட்டேங்குது சார்."

"என்ன நிழல்?"

முனியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சார்... இதச் செஞ்சவரே நீங்க. என்னைக் கேக்கறீங்க? அமுக்கினா வண்டி மேல நெழல் உழும்ல? உழுந்துச்சுன்னா அமுக்கினது ஏறிடுச்சுன்னு அர்த்தம். அப்பறம் போனை இப்டிப் புடிச்சிக்கினு நிப்போம்."

காவலூர்ப் பக்கம் பார்த்து, போனைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். டவர் இருப்பது அந்தத் திசையில்தான்.

"சில நாளைக்கு நன்றின்னு வரதுக்கு ஒரு வெத்தலை போட்டு முடிச்சிடலாம் சார். நெழல் உழுந்தா போதும், பேசாம நிப்போம். இப்ப கொஞ்ச நாளா உழறதே இல்ல. எங்க போனுதான் பூடுச்சோன்னு தொடச்சித் தொடச்சி அமுக்கறோம்... பேஜாருதான்."

குடையைச் சாய்த்துக்கொண்டு அவர் போனை எட்டிப் பார்த்தேன்.

"எல்லாருக்குமா?"

"ஊருக்கேதான். ஏன் சார், ஒரு மாதிரி கீறீங்க? குந்துங்க இப்டி."

உட்கார்ந்தேன். ஈரத் தொட்டி விளிம்பில், வேட்டி நனைய உட்கார்ந்தேன்.

உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்கு அந்த நொடியில்தான் புரிந்தது. முன்பு ஒரு முறை தொட்டார்கள். சாம்பல் கட்டம் விழுந்தது. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். வண்டி வந்தது. நான் நிறத்தை அழித்த பிறகு, தொட்டால் திரையில் எந்த அசைவும் இல்லை. தொட்டோமா, தொடவில்லையா? யாருக்குத் தெரியும்? மறுபடி தொட்டார்கள். துடைத்துவிட்டுத் தொட்டார்கள். அந்தத் தொடுதல் ஒவ்வொன்றும் ஆமை வேகத்தில் என் சர்வருக்கு வந்து சேர்ந்தது. வேண்டும். வேண்டாம். வேண்டும். வேண்டாம். கடைசியில் 'பதிவாகிவிட்டது, நன்றி' என்று வந்ததும் நிம்மதியாக இறங்கிப் போனார்கள்.

ஒற்றைப்படையில் தொட்டவர்களுக்கு வண்டி நின்றது. இரட்டைப்படையில் தொட்டவர்களுக்கு நிற்கவில்லை. ஊரே ஒற்றையா இரட்டையா விளையாடிக்கொண்டிருந்திருக்கிறது... விளையாடுகிறோம் என்று தெரியாமலே.

முனியம்மா விடவில்லை. "போன வாரம் எனக்கும் வண்டி நிக்கல சார். குமரேசன வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன். பாவம்... ஆனா காஞ்சனா கதை வேற."

"என்ன வேற?"

"அவ பயந்துக்கினுதான் வேணாம்னு அமுக்கிட்டான்னு அவ மாமியாவே சொல்லுது. இன்டர்வியூல இன்னா கேப்பாங்களோன்னு பயம். அப்பறம் ஊருக்குக் காட்டறதுக்கு நடந்து போனாளாம். ஊர்ல எல்லாம் அப்டித்தான் பேசிக்கறாங்க. நீங்களே சொன்னீங்களாமே சார், கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்னு?"

வாழ்க்கையில் சில வாக்கியங்கள் நம் வாயிலிருந்து போய், வேறொருவர் வாய் வழியாகத் திரும்பி வரும்போதுதான் எவ்வளவு அசிங்கமானவை என்று தெரிகிறது.

பத்தியை அனுப்பவில்லை. நேராக மேல் தெருவுக்குப் போனேன்.

வாசலில் முருகன் ஒரு கோணிப்பையைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். கூர்க்குக்கு மூட்டை தயாராகிறது. காஞ்சனா உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தார். உட்காரச் சொல்லவில்லை.

"தப்பு உன் கையில இல்லம்மா. என் பக்கத்துலதான்" என்றேன்.

விளக்கினேன். நிறம், நிழல், தொடுதல், இரட்டைப்படை... எல்லாவற்றையும். முப்பது வருடம் பாடம் நடத்தியவன். ஆனால் அன்றைக்கு வாய் குழறியது.

முருகன் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "அந்தக் கலரு தானா பூடுச்சா சார்?"

"இல்லப்பா. நான்தான் எடுத்தேன்."

"இன்னாத்துக்கு?"

"பார்க்க நல்லா இல்லன்னு."

"பாக்க நல்லா இல்லன்னு..." என்று மெல்ல ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு குனிந்து முடிச்சை இறுக்கினார். அவர் திட்டியிருக்கலாம். கை ஓங்கியிருந்தால்கூட நின்று வாங்கியிருப்பேன்.

காஞ்சனா சிரித்தார். சத்தமே வராத ஒரு சிரிப்பு.

"இத்தினி நாளா நானே என்னை நம்பல சார். எங்கத்த கேக்குது, ஏண்டி அமுக்கினேன்னு. இல்லன்னு அடிச்சிச் சொல்ல வாய் வரல. நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லிட்டீங்க. அப்போ நம்ம கைதான் நமக்கே தெரியாம வேணாம்னு அமுக்கிடுச்சோ, உள்ளுக்குள்ள நமக்கே பயமோன்னு..." நிறுத்திக்கொண்டார்.

வேலை போனது ஒரு பக்கம். ஒரு மனுஷிக்குத் தன் விரல் மேலேயே சந்தேகம் வரும்படி செய்திருக்கிறேனே!

"என்னை மன்னிச்சிடும்மா."

"அது கெடக்கட்டும் சார். ஊருக்கெல்லாம் சொன்னீங்க இல்ல, கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்னு? இதையும் ஊருக்கெல்லாம் சொல்லுங்க."

நியாயம்தானே?

மறுநாள் காலை ஜீப் நிற்கும் வளைவுக்குப் போனேன். ஆலங்காயம் போகிறவர்கள், வழியனுப்ப வந்தவர்கள், சும்மா வந்தவர்கள் என்று நல்ல கூட்டம். காஞ்சனாவும் வந்திருந்தார், கொஞ்சம் தள்ளி அவர் மாமியார். குமரேசன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. நிறத்தை எடுத்தது நான். அதனால்தான் எல்லோரும் பல முறை தொட வேண்டி வந்தது. வண்டி நிற்காமல் போனதற்கு குமரேசன் காரணமில்லை. காஞ்சனா வண்டி வேண்டாம் என்று சொல்லவில்லை.

முதலில் குமரேசன்தான் வாயைத் திறந்தார்.

"சார், உங்க அழகுக்கு நானா கெடச்சேன்? என்னைத் திட்டாத வாய் இந்த மலைல இல்ல சார். ஊர்க்காரங்களைத் தெருவுல வுட்டுட்டு வரியேன்னு என் பொண்டாட்டி நாஸ்டா போட மாட்டேன்னுட்டா!"

கூட்டம் சிரித்தது.

"நாங்க போனுதான் பூடுச்சுன்னு தட்டித் தட்டிப் பாத்தோம் குமரேசா" என்றார் ஒருவர். "எங்க வூட்ல புதுப் போனே வாங்கியாச்சு" என்றார் இன்னொருவர். நானும் சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை.

அப்போது அந்த மாமியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அப்போ எம் மருமவ வேணாம்னு அமுக்கல?"

"இல்லம்மா."

"சரியா கேக்கல. எனக்குக் காது மந்தம். இன்னொரு தபா சொல்லு சார்."

"உங்க மருமக வேண்டாம்னு சொல்லவே இல்லம்மா."

"இன்னுங்கொஞ்சம் சத்தமா."

கத்திச் சொன்னேன். எதிர்ச் சரிவில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவர் மாட்டை நிறுத்தித் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மருமகள் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று முனியம்மா பிறகு என்னிடம் சொன்னார்.

அதே ஜீப்பில் காஞ்சனாவும் நானும் திருப்பத்தூர் போனோம். நேர்காணல் நடந்த அலுவலகத்தின் வாசல் வரை குமரேசன் கொண்டுபோய் இறக்கிவிட்டார். அங்கே இருந்த அதிகாரியம்மா மரியாதையாகத்தான் பேசினார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"நீங்க சொல்றது எனக்குப் புரியுது சார். ஆனா தேர்வு முடிஞ்சு ஆர்டரும் கொடுத்தாச்சு. வந்தவங்கள்ல ஒருத்தரைத்தானே எடுக்க முடியும்? தொட்டா நிறம் தெரியல, அதனால வரலன்னு நான் எப்படி எழுதறது?"

எப்படி எழுதுவது? வேலை கிடைத்தவர் கீழ் ஊர்ப் பெண். அவருக்கும் இரண்டு பிள்ளைகள். அவர் மேல் குறை சொல்ல என்ன இருக்கிறது? நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். பஸ் ஸ்டாண்டில் காஞ்சனா எனக்கும் சேர்த்து டீ சொன்னார். அந்த டீயை எப்படிக் குடித்தேன் என்று எனக்குத் தெரியாது.

திரும்பி வந்து முதல் வேலையாக அந்த வரியைத் திருத்தினேன். நிறத்தை நான்கு எண்களாக எழுதுகிற ஒரு முறை உண்டு. முதல் மூன்றும் என்ன நிறம் என்று சொல்லும். நான்காவது, பின்னால் இருப்பது எவ்வளவு தெரியலாம் என்று சொல்லும். ஒன்று என்று வைத்தால் படமே மறைந்துவிடும். பூஜ்யம் என்றால் நிறமே இருக்காது. ஒளியியல் நடத்திய பேராசிரியர் வைத்திருந்தது, பூஜ்யம்.

பாதிக்குக் கொஞ்சம் மேலே வைத்தேன். பச்சை. இந்த முறை வீட்டில் தொட்டுப் பார்த்துத் திருப்திப்படவில்லை. மழை விட்டு வெயில் வந்ததும் தொட்டி மேட்டுக்கு ஏறினேன். முனியம்மா கையில் கொடுத்தேன்.

"வெயில்ல ஒன்னும் தெரில சார்."

அடர் ஆரஞ்சுக்கு மாற்றினேன்.

"இது கீது. பளிச்சுனு கீது. இப்டியே வுட்டுடுங்க. மறுபடி அழகு கிழகுன்னு கெளம்பிடாதீங்க."

எல்லாப் பிரவுசரும் அந்த வரியை மதிப்பதில்லை. அதனால் விரல் பட்டிருக்கும்வரை படத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு பட்டை தெரியும்படி இன்னொரு வரியும் சேர்த்தேன். வேண்டாம் என்பதற்குத் தனி லிங்க், கீழே தள்ளி. அதைத் தொட்டால், 'நிச்சயமாக வேண்டாமா?' என்று கேட்கும். 'நன்றி' போய்விட்டது. 'நாளைக்கு உங்களுக்கு வண்டி வரும்', அல்லது, 'நாளைக்கு உங்களுக்கு வண்டி வராது.' இரண்டு பக்கம். எழுத மொத்தம் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அந்தக் கால் மணி நேரத்துக்குத்தான் சோம்பல் பட்டிருக்கிறேன்.

நியாயமாக, நிறத்தின் மேல் மட்டும் பழியைப் போட்டுத் தப்பிக்கக் கூடாது. ஸ்விட்ச் மாதிரி லிங்க் வைத்தது யார்? இரண்டுக்கும் ஒரே நன்றி வைத்தது யார்? அந்தச் சாம்பல் கட்டம் என் தப்புகளையெல்லாம் இத்தனை மாதம் தாங்கிக்கொண்டிருந்தது. அதைப் போய் அழுக்கு என்று துடைத்தேன்.

வெப் பக்கம் எழுதுகிற இளைஞர்கள் உங்களில் இருக்கலாம். அந்தக் கட்டம் உங்கள் கண்ணையும் உறுத்தலாம். நிறத்தை மாற்றுங்கள், தாராளமாக மாற்றுங்கள். ஆனால் இல்லாமல் ஆக்காதீர்கள். தொட்டவருக்குத் 'தொட்டாய்' என்று யாராவது சொல்ல வேண்டாமா? கதவைத் தட்டினால் 'யாரு?' என்றாவது உள்ளேயிருந்து ஒரு குரல் வர வேண்டாமா? நமக்கு அசிங்கமாகத் தெரிவது, சிக்னலே இல்லாத ஒரு மேட்டில் நிற்கிறவருக்கு ஒரே ஆதாரமாக இருக்கலாம். அதை எடுக்கும் முன் அங்கே போய் ஒரு முறை நின்று பாருங்கள். நான் நிற்கவில்லை.

நேற்று காலை காஞ்சனா குடும்பம் கூர்க்குக்குக் கிளம்பியது. மூட்டைகளை ஜீப் மேல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆறாவது படிக்கும் அந்தப் பெண் பள்ளிக்கூடப் பையையும் எடுத்து வந்திருந்தாள். முருகன் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். காஞ்சனா பக்கத்தில் வந்தார்.

"சார், நீங்க வாராவாரம் புக்குல எழுதறீங்களாமே?"

"ஆமாம்மா."

"கூர்க்ல எங்க ஊர்க்காரங்க நெறைய பேர் கீறாங்க. அவங்க காதுக்கும் போய்ட்டிருக்கும், நான் பயந்துக்கினு வேணாம்னுட்டேன்னு. அங்க நான் ஒருத்தர் ஒருத்தரா சொல்லிக்கினு இருக்க முடியாது. எழுதுங்க. எம் பேரு போட்டே எழுதுங்க."

ஜீப் வளைவில் திரும்பி மறைந்தது. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

போட்டுவிட்டேன், காஞ்சனா. அன்றைக்கு வண்டி வேண்டாம் என்றது நீங்கள் இல்லை. நான்.